திரில்லர் குறும்படம்: யாருக்காக எடுக்கிறோம் என்பதை நாங்கள் கண்டுகொண்ட விதம்

ஊடகக் கற்கைநெறியின் இறுதிச் செய்முறைக்காக நானும் மூன்று நண்பர்களும் மட்டக்களப்பில் ஐந்து நிமிடத் திரில்லர் குறும்படம் ஒன்றை எடுத்தோம். முதல் முன்மொழிவில் இலக்குப் பார்வையாளர் என்ற தலைப்பின் கீழ், "15 முதல் 35 வயது வரையான, திரில்லர் படங்களை விரும்பும் ஆண்களும் பெண்களும்" என்று எழுதியிருந்தோம். விரிவுரையாளர் அந்த வரியின் கீழே கோடிட்டு, "இவர்களில் ஒருவரைக் காட்டுங்கள்" என்று மட்டும் எழுதித் தாளைத் திருப்பித் தந்தார். எங்களால் காட்ட முடியவில்லை. இதே செய்முறையை அடுத்து எடுக்கப்போகும் மாணவர்களுக்காக, அந்த ஒரு வரியைத் திருத்த நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன்.

நாங்கள் படித்த நூல்களில் இருந்தவை பெரும்பாலும் பிரித்தானிய உதாரணங்கள். அங்கே குடும்பத்தில் முதன்மையாக உழைப்பவரின் தொழிலை வைத்து மக்களை ஏ, பி, சி1, சி2, டி, ஈ என்று பிரிக்கும் முறை இருக்கிறது. திரைப்படங்களுக்கு 12ஏ, 15, 18 போன்ற வயதுச் சான்றுகளும் இருக்கின்றன. ஆகவே "15 சான்று பெறக்கூடிய படம், 15 முதல் 24 வயதினர்" என்று தொடங்குவது அங்குள்ள மாணவருக்குப் பொருத்தமானது. நாங்கள் அதை அப்படியே மட்டக்களப்பில் நாங்கள் படமெடுத்த கல்லடிப் பகுதிக்குக் கொண்டுவந்தபோது, கடற்றொழில் செய்யும் தகப்பனும் ஆசிரியையான தாயும் கட்டாரிலிருந்து பணம் அனுப்பும் அண்ணனும் உள்ள ஒரே வீட்டை எந்த எழுத்துக்குள் அடக்குவது என்று தெரியாமல் நின்றோம். வயதை வைத்துக்கொண்டோம், எழுத்துகளை விட்டுவிட்டோம். அதைவிட உதவியது, 1970களில் ஊடக ஆய்வாளர்களான புளூம்லரும் காட்ஸும் முன்வைத்த பயன்பாடும் மனநிறைவும் என்ற கோட்பாடு. ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதற்குப் பதிலாக, மக்கள் ஊடகத்தை எதற்காக நாடுகிறார்கள் என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நாங்கள் தேர்ந்தவர்கள், உயர்தரம் படிக்கும், மாலையில் ரியூசன் முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும் 16 முதல் 19 வயது மாணவிகள். தங்கள் வாழ்க்கையைத் திரையில் காண அவர்களுக்கு ஆசை இருக்கிறது. யாரோ தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற அச்சமும் இருக்கிறது.

கதை எளிமையானது. ஒரு மாணவிக்கு அறியாத இலக்கத்திலிருந்து, அவளைப் பின்னாலிருந்து எடுத்த படங்கள் வரத் தொடங்குகின்றன. முதல் வடிவத்தில் துரத்தும் காட்சியை, 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில், மங்கிய வெளிச்சத்தில் எடுத்திருந்தோம். வாவியும் இரும்புச் சட்டங்களும் கமராவில் மிக அழகாக விழுந்தன. அதைச் சில மாணவிகளுக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு பிள்ளை, "அக்கா, அந்தப் பாலத்தில பின்னேரம் எந்த நேரமும் ஆக்கள் நிப்பாங்களே. இந்தப் பிள்ளை மெயின் ரோட்ட விட்டுட்டு ஏன் இருட்டுக்கால போகுது? நாங்க எண்டா போகமாட்டம்" என்றாள். அந்த இடத்திலேயே பயம் முறிந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவரின் கண்ணுக்காக இடத்தைத் தேர்ந்திருந்தோம். அந்த வீதிகளில் நாள்தோறும் சைக்கிள் ஓட்டுபவளின் அறிவைக் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாவது வடிவத்தில் அவள் சரியானவை அனைத்தையும் செய்தாள். வெளிச்சமான பிரதான வீதியில் வந்தாள், தோழியுடன் வந்தாள், தாய்க்கு அழைப்பு எடுத்தாள். அப்படி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, "நீலக் குடை வடிவா இருக்கு" என்ற குறுஞ்செய்தி வந்து விழுந்தது. பின்தொடர்பவனை இறுதிவரை மறைத்து வைத்திருந்ததையும் மாற்றினோம். கடைக் கண்ணாடியில் அதே மோட்டார் சைக்கிள் இரண்டு முறை தெரியும். பார்ப்பவர் காண்பார், அவள் காணமாட்டாள். மறைத்துவைத்துத் திடுக்கிட வைப்பது ஒரு நொடிக்குத்தான் பயன்படும். பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு காட்சியிலும் பதற்றம் தானாக ஏறிக்கொண்டே போகும்.

பேச்சுமொழியையும் திருத்த வேண்டியிருந்தது. எங்களை அறியாமலேயே சென்னைச் சினிமாத் தமிழில் வசனம் எழுதியிருந்தோம். தோழி "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்ட இடத்தில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். அது "மறுகா என்ன நடந்த?" என்று மாறியதும் சிரிப்பு நின்றது.

பார்வையாளர் எதில் பார்ப்பார் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். எங்கள் மாணவிகள் கைபேசியில்தான் பார்ப்பார்கள், அதுவும் பெரும்பாலும் ஒலிபெருக்கியைக் குறைத்து வைத்துக்கொண்டு. பதற்றத்திற்காக நாங்கள் சேர்த்திருந்த ஆழ்ந்த தாழ்சுருதி ஒலி தொகுப்பறையில் நெஞ்சை அதிரவைத்தது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்கவே இல்லை. அதை எடுத்துவிட்டு, சைக்கிள் சங்கிலியின் சத்தத்தையும் மரமேசையில் கைபேசி அதிரும் சத்தத்தையும் வைத்தோம். இருட்டுக் காட்சிகளையும் ஒரு படி வெளிச்சமாக்கினோம்.

அதிக நேரம் எடுத்தது இரண்டாம் நிலைப் பார்வையாளர், அதாவது நாங்கள் நேரடியாகக் குறிவைக்காவிட்டாலும் படத்தைப் பார்க்கக்கூடிய தாய்மார்தான். பிள்ளையின் கைபேசியில் ஓடும் படத்தைத் தாயும் பார்ப்பார் என்று தெரிந்ததால், இரத்தமும் அடிதடியும் இல்லாமல் எடுத்திருந்தோம். அதுவே போதும் என்று நினைத்தோம். ஆனால் படத்தைப் பார்த்த ஒரு தாய், "அதுக்குத்தான் பிள்ளையளுக்கு ஃபோன் குடுக்கப்படாது எண்டுற" என்றார். அவளில் பிழை இல்லை என்று சொல்ல எடுத்த படம், அவளுடைய கைபேசியைப் பறிக்கக் காரணமாகிவிட்டது. ஒரு படைப்பில் இடப்பட்ட பொருளை ஒருவர் ஏற்கலாம், பேரம்பேசி ஒரு பகுதியை மட்டும் ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுதியதைப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்தேன். அது எனக்கு விளங்கியது அந்தத் தாயின் முன்னால்தான். முடிவை மாற்றினோம். மகள் கைபேசியைத் தாயிடம் நீட்டுகிறாள். தாய் அதை வாங்கி வாசித்துவிட்டு, திருப்பி அவள் கையிலேயே கொடுத்து, அருகில் அமர்கிறார்.

இன்னொன்று: திரையிடும்போது திரையைப் பார்க்காதீர்கள். எங்கள் ஊர்க் கூத்தில் வட்டக்களரி எனப்படும் வட்டமான ஆடுகளத்தைச் சுற்றி ஆட்கள் இருப்பதால், எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் முகம் எப்போதும் நமக்குத் தெரியும். அதுபோல நாங்களும் பார்வையாளரை நோக்கி அமர்ந்து, எந்த வினாடியில் யார் கண்ணை எடுக்கிறார்கள், யார் நிமிர்கிறார்கள் என்று குறித்தோம். படம் முடிந்தபின் "நல்லா இருக்கு" என்று மரியாதைக்காகச் சொன்னவர்களின் பதில்களைவிட அந்தக் குறிப்புகள் பயன்பட்டன. நீலக் குடைச் செய்தி வந்த இடத்தில், ஒரு மாணவி தன் கைபேசியை எடுத்து மேசையில் குப்புற வைத்தாள் என்பது அந்தக் குறிப்புகளில் உள்ள ஒரு வரி.

அறிக்கை எழுதும்போது, திரையிடலின்போது குறித்த தாள்களைத் திகதியிட்டு, வடிவம் ஒன்று, வடிவம் இரண்டு என்று பிரித்து இணையுங்கள். எந்தக் காட்சி யாருடைய எந்தச் சொல்லால் மாறியது என்று எழுதுங்கள். பார்வையாளரின் பெயர்களை எழுத வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களாக இருந்தால் பெற்றோரின் ஒப்புதலைத் திரையிடலுக்கு முன்பே எழுத்தில் பெற்றுவிடுங்கள். நாங்கள் அதைத் தாமதமாகச் செய்து ஒரு வாரத்தை இழந்தோம்.