பாலிசி என் பேரில், கையெழுத்து பிள்ளைகளிடம்

மலேசியாவில் நான் வேலையில் இருந்தவரை காப்புறுதிப் பணத்தை அங்காசா என்ற கூட்டுறவு அமைப்பின் வழியாகச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். கண்ணில் படாத காசு, வலிக்காது. பென்ஷனுக்கு வந்த பிறகுதான் இரண்டு ஆயுள் பாலிசிக்கும் கட்டுவது பாரமானது. பட்டர்வொர்த் வீட்டுக் கூரை வேறு ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டையும் சரண்டர் பண்ணி, அதாவது முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணமாக வாங்கி, கூரையை மாற்றிவிடலாம் என்று ஃபெரி ஏறி, பினாங்குத் தீவில் பீச் ஸ்திரீட் பக்கம் இருக்கும் காப்புறுதிக் கம்பெனிக் கிளைக்குப் போனேன்.

கவுன்டரில் நம்ம பிள்ளை ஒருத்தி இருந்தாள். திரையைப் பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, நாமினி உங்க பிள்ளைங்களா? அவங்க சைன் இல்லாம சரண்டர் பண்ண முடியாதே” என்றாள்.

“காசு கட்டினது நான்தானேம்மா?”

“கட்டினது நீங்கதான் ஆண்ட்டி. ஆனா இது டிரஸ்ட் பாலிசி.”

விஷயம் இதுதான். முஸ்லிம் அல்லாத ஒருவர் கணவன், மனைவி அல்லது பிள்ளையை நாமினியாக, அதாவது தான் இறந்தால் பணம் பெறுபவராகப் போட்டால், சட்டப்படி அது அவர்களுக்கான டிரஸ்ட், அதாவது அவர்களுக்காகக் காத்துவைக்கும் சொத்து ஆகிவிடுகிறது. கணவன், மனைவி, பிள்ளை யாரும் இல்லாதவர் பெற்றோரைப் போட்டாலும் அப்படித்தான். தம்பி, தங்கை பெயரைப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. நான் பாலிசி எடுத்த 1998-இல் இது 1996 காப்புறுதிச் சட்டத்தில் இருந்தது. இப்போது 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டியாகத் தனியாக யாரையும் நியமிக்காவிட்டால், வயது வந்த நாமினியே டிரஸ்டி. அவர் எழுத்தில் சம்மதம் தராமல் சரண்டர் கிடையாது. நாமினியை மாற்றவோ, பாலிசியை அடகு வைக்கவோகூட முடியாது.

முதலில் எரிச்சலாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது சட்டத்தின் நியாயம் புரிந்தது. பாலிசிக்காரர் கடனோடு இறந்துபோனாலும் இந்தப் பணம் அவருடைய சொத்துக் கணக்கில் சேராது, கடன்காரர் கை வைக்க முடியாது. குடும்பத்துக்கு இத்தனை காவல் கொடுத்துவிட்டு, நடுவில் நாமே உருவிக்கொள்ள விடுவார்களா? ஆனால் இதையெல்லாம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து ஃபாரம் நிரப்பிய முகவர் சொல்லியிருக்கலாம். அவர் பேசியதெல்லாம் வருமான வரிக் கழிவைப் பற்றித்தான்.

பெர்த்தில் இருக்கும் மகன், “கூரைக்கு நான் அனுப்புறேன்மா, பாலிசி இருக்கட்டும்” என்றான். அவனுக்கு அங்கே வீட்டுக் கடன் கழுத்து வரை. எனக்கு மனம் வரவில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகள் வேறு மாதிரி. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மெடிக்கல் கார்டு எந்தப் பாலிசியில ஒட்டியிருக்கு?”

எடுத்துப் பார்த்தால் இரண்டாவதில். ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கும் அந்த மருத்துவ அட்டை அதில் ரைடராக, அதாவது கூடுதல் இணைப்பாகச் சேர்த்தது. மூலப் பாலிசி போனால் அதுவும் போய்விடும். அறுபதைத் தாண்டி, சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு புதிதாக ஒன்று எடுக்கப் போனால் யார் கொடுப்பார்கள், கொடுத்தாலும் என்ன விலை சொல்வார்கள்! இரண்டாவதைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

முதல் பாலிசிக்குச் சரண்டர் மதிப்பை எழுத்தில் கேட்டு வாங்கினேன். ஆண்டறிக்கையில் போட்டிருந்த போனஸ் தொகையை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு இந்தக் கடிதம் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கும். அந்த போனஸ் இறப்புக்கோ முதிர்வுக்கோதான் முழுசாக வரும். சரண்டரில் அதன் ஒரு பங்குதான். இடையில் கட்டத் தவறிய மாதங்களுக்குப் பாலிசியிலிருந்தே கடனாக எடுத்துக் கட்டியிருந்தால் வட்டியோடு கழியும். நல்லவேளை, அங்காசா புண்ணியத்தில் எனக்கு அது இல்லை. இனிக் கட்டாமல், காப்புத் தொகையைக் குறைத்துக்கொண்டு பாலிசியை அப்படியே விட்டுவைக்கும் ‘பெய்ட்-அப்’ வழியும் உண்டு என்றார்கள். கூரை ஒழுகாமல் இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

மகள் சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டாள். மகனிடம் ஃபாரத்தை அனுப்பி, சாட்சிக் கையெழுத்தோடு அசலைத் தபாலில் வரவழைத்தேன். கம்பெனி நகலை ஏற்கவில்லை. தபால் வந்து சேர்ந்ததுதான் தாமதம், மற்றது மளமளவென்று முடிந்தது. அசல் பாலிசிப் புத்தகத்தை ஒப்படைத்தேன், பணம் என் வங்கிக் கணக்குக்கு வந்தது. கூரைக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, தீபாவளிக்கு முன் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.