முகப்புத்தாள் இல்லாத விடைத்தாள்

அரூர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பிக்கும் நான், ஒவ்வோர் ஆண்டும் பொதுத்தேர்வு முடிந்ததும் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குச் செல்கிறேன். மாணவரின் பெயரும் பள்ளியும் அச்சிட்ட முகப்புத்தாளை அகற்றிய பிறகே விடைத்தாள் எங்கள் கைக்கு வரும். எழுதியது சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளையா, பெரிய கட்டணம் கட்டிப் படித்த பிள்ளையா என்பது எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதைத்தான் இந்தத் தேர்வின் அறமாக நான் கருதுகிறேன்.

பெற்றோர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் பலர். அவர்களுக்காகப் பரிந்து பேச ஊரில் செல்வாக்குள்ள ஆள் எவரும் இல்லை. பள்ளிகளே மதிப்பெண் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால் முதலில் பின்தங்கப் போவது அவர்கள்தாம். ஆகவே, பொதுத்தேர்வே வேண்டாம் என்பாரோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஆனால் அது எங்கள் வகுப்பறையை என்ன செய்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் குறைந்தது 15 எடுத்து, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 35 வந்துவிட்டால் தேர்ச்சி. வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்களே 15 இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய ஆசிரியர், அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மெல்லக் கற்போரைத் தனியே பிரித்து, அந்த வினாக்களையும் சில வரையறைகளையும் மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார். நானும் அதைச் செய்திருக்கிறேன். அப்படி நான் உட்காரவைத்த ஒருவன், விடுமுறை நாட்களில் தன் மாமாவின் கடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவன். எரிந்த காயிலைப் பார்த்ததும் எதனால் எரிந்தது என்று சொல்லிவிடுவான். காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் தூண்டப்படுவதைச் சொல்லும் மின்காந்தத் தூண்டல் பாடத்தை அவனைக் கொண்டே நடத்தியிருக்கலாம். நானோ அப்படித் தூண்டப்படும் மின்னோட்டத்தின் திசையைச் சொல்லும் லென்ஸ் விதியைப் பத்து முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அவன் தேர்ச்சி பெற்றான். அந்த விதிக்கும் தன் கைவேலைக்கும் உள்ள உறவை அறியாமலேயே பள்ளியை விட்டுப் போனான். இதைத் தேர்வின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டதிலும் எனக்கு இருமனம்தான். அந்த வகுப்பின் பாடத்தைக் கைவிட்டு, இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகளைத் தடுக்கத்தான் அத்தேர்வு 2018 மார்ச்சில் தொடங்கியது. நீட் தேர்வில் இரு வகுப்புகளிலிருந்தும் வினாக்கள் வருவதால் அதற்கு வலுவான நியாயம் இருந்தது. பத்தாம் வகுப்பில் தொடங்கி அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளுக்குப் பெருஞ்சுமை என்பதும் உண்மையே. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 கல்வியாண்டு முதல் அத்தேர்வு இல்லை. சுமை இறங்கியதில் மகிழ்கிறேன். பாடமும் சேர்ந்து இறங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் இயற்பியல் பாடநூலின் இரண்டாம் தொகுதியை, கடைசிப் பாடமான அலைகள் வரை, ஒன்றையும் விடாமல் நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறேன். பிளஸ் டூ வகுப்புக்காக, அந்தப் பையனின் மாமாவிடம் கேட்டு, எரிந்த மோட்டார் ஒன்றை வாங்கி ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன்.