சோறு வேண்டாம், பென்சன் வாங்கிக் குடுங்கன்னு கேட்ட தாத்தா

ஈரோட்டுல எங்க சர்ச்சுல இருந்து ரோட்டோரம் படுக்கறவங்களுக்கு ராத்திரி சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்துட்டு இருக்கோம். அரிசிக்கு செலவே இல்ல, அம்மாமாருங்க உலை வெக்கறப்ப எடுத்து வெக்கற கைப்பிடி அரிசி காணிக்கையே போதும், தக்காளி எண்ணெய்க்கு அறுப்பின் பண்டிகையில காணிக்கையா வர்ற பொருள ஏலம் விட்டு வர்ற காசு. மொதல்ல திங்கக்கிழமைதான் போயிட்டிருந்தோம். ஆனா திங்கக்கிழமை ராத்திரி கனி மார்க்கெட்டுல ஜவுளிச் சந்தை கூடிரும், வண்டியும் மூட்டையுமா வந்து எறங்கறப்ப அங்க படுக்கறவங்க எல்லாம் எங்கியோ போயிருவாங்க, நாப்பது பொட்டலத்த வெச்சுட்டு நாங்க தேடித் திரிஞ்சதுதான் மிச்சம். இது வெளங்கவே எங்களுக்கு நெம்ப நாள் ஆச்சு, அப்பறம்தான் ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினோம்.

அங்கதான் அந்தத் தாத்தா. பொட்டலத்த வாங்கிட்டு, "சோறு எங்கியாச்சும் கெடச்சிருதுங் அம்மிணி, அம்மா உணவகத்துல அஞ்சு ரூபாய்க்கு சாம்பார் சாதம் போடறாங்க, கோயில்ல அன்னதானம் இருக்குது, இந்த ஓஏபி பணம் மட்டும் வாங்கிக் குடுங்கோ"ன்னாரு. நானும் அதுக்கென்ன தாத்தா வாங்கிரலாம்னுட்டேன். என்ன ஏதுன்னு தெரியாமயே சொல்லிட்டேன், அதான் உண்மை.

ஓஏபின்னா வயசானவங்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்கற முதியோர் பென்சன், 2023ல அத 1,200 ரூபாயா ஏத்தினாங்க. அறுவது வயசு தாண்டி ஆதரவு இல்லாம இருக்கணும். ஆதார், பேங்க் பாஸ்புக், போட்டோ வேணும். தாத்தாகிட்ட இருந்ததெல்லாம் ஒரு போர்வையும் ஒரு தூக்குப்போசியும்தான், ஆதார் இருந்த பை பஸ் ஸ்டேண்டுல தொலஞ்சு போச்சாம், நம்பரும் ஞாபகம் இல்ல.

ஆதார் சென்டர்ல ரேகை வெச்சா பழைய நம்பரக் கண்டுபிடிச்சுக் குடுத்துருவாங்கன்னு கூட்டிட்டுப் போனேன். மனுசன் முப்பது வருசம் சாயப்பட்டறையில வேலை செஞ்சவரு, பத்து விரல்லயும் ரேகையே இல்ல, தேஞ்சு போச்சு. ஒரு கண்ணுல பொரை வேற. அந்தத் தம்பி பொறுமையாத்தான் பாத்தாரு, நாலு நாள் தேங்காண்ணெ தடவிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பினாரு. மூணாவது தடவை வலது கட்டைவிரல் எடுத்துது. நான் கை தட்டிட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

பிரிண்ட் வந்துச்சு. காங்கேயம் பக்கம் ஒரு ஊரு, கதவு நம்பரோட அட்ரெஸ். யாரு வீடு தாத்தான்னு கேட்டேன். "பையன் ஊடுங்க"ன்னாரு. யாருமே இல்லைன்னுதான் அதுவரைக்கும் சொல்லிட்டிருந்தாரு. சித்த நேரம் பேசாம நின்னுட்டு, "அந்த அட்ரெஸ மாத்திப் போடுங்கோ"ன்னாரு. நான் மேல எதுவும் கேக்கல.

மாத்தணும்னா எந்த அட்ரெஸுக்கு மாத்தறது? வீடில்லாதவங்க தங்கற காப்பகத்துல சேந்தா அங்கயே லெட்டர் வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. தாத்தா ஒத்துக்கல, பீடி குடிக்க முடியாது, பொழுதோட உள்ள போயிரணும். சரி சர்ச் அட்ரெஸ் குடுக்கலாம்னு கமிட்டியில கேட்டா ரெண்டு மீட்டிங் ஓடிருச்சு. "நாளைக்கு எடத்துல உரிமை கேட்டா யாரு பதில் சொல்றது"ன்னு ஒருத்தர். ஞாயித்துக்கிழமை இதே வாய்தான் ஏழைகளுக்காக ஜெபம் பண்ணுது, எனக்கு வந்த கோவத்துக்கு எந்திரிச்சு வந்துட்டேன். எங்க சர்ச் போதகர் ஐயரு மட்டும் நிதானமா, பழைய சாமான் போட்டு வெச்சிருக்கற ரூம காலி பண்ணி ஆளையே அங்க தங்க வெச்சுட்டா அது பொய் அட்ரெஸ் இல்லையேன்னு சொல்லி முடிச்சாரு. பீடி கேட்டுக்கு வெளிய மட்டும்னு பேச்சு.

ஆதாருக்குன்னே ஒரு சான்றிதழ் ஃபார்ம் இருக்குது, அதுல கவுன்சிலர் கையெழுத்துப் போட்டாப் போதும். ஆனா போட்டோ மேலயும் பேப்பர் மேலயும் சேந்தாப்புல கையெழுத்து விழுகணும், எங்களுக்கு மொதல் தடவை போட்டோவ விட்டுத் தள்ளி விழுந்து திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த ஃபார்ம் மூணு மாசத்துக்குத்தான் செல்லும், தேதியப் பாத்துக்குங்க.

பேங்க்ல ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட். இ-சேவையில அப்ளிகேசன் பத்து ரூபா. அப்பறம் விஏஓ விசாரணை. பையன் இருக்கறாரான்னு அவரு கேட்டப்ப தாத்தா என் மூஞ்சியப் பாத்தாரு. பொய் சொல்லீருவாரோன்னு எனக்கு பக்குனு இருந்துச்சு. "இருக்கறானுங்க, நாலு வருசமா பேச்சில்லீங்க, சோறு போடறதில்லீங்க"ன்னு அப்படியே சொன்னாரு. விஏஓ அதையே எழுதிக்கிட்டாரு. அங்கிருந்து ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், நாலஞ்சு தடவை நடை.

ஆறாவது மாசம் பணம் ஏறுச்சு. மெசின்ல ரேகை வெச்சு எடுக்கலாம்னு போனா மறுபடியும் அதே கத, ரேகை விழுகல. ஏடிஎம் கார்டு வாங்கிக் குடுத்து பின் நம்பர மனப்பாடம் பண்ண வெச்சிருக்கோம், பேரு மறந்தாலும் அத மறக்க மாட்டேங்கறாரு.

இப்ப அதே எடத்துல படுக்கற ஒரு பாட்டி கேட்டிருக்காங்க. அவங்க ஆதாரே எடுத்ததில்லையாம், பெரியவங்களுக்குப் புதுசா எடுக்கறதுன்னா தனியா விசாரணை எல்லாம் உண்டு. புதன்கிழமை போறோம், போட்டோ எட்டு காப்பி போட்டு வெச்சாச்சு.