எலென் டூட்ரியூவைத் தேடிப் பிடித்த கதை

சிறுவர் இதழ் ஒன்றுக்காக, பெல்ஜியத்தில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண்ணான எலென் டூட்ரியூ பற்றி ஒரு பக்கம் எழுத ஒப்புக்கொண்டேன். ஆசிரியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதெல்லாம் வேண்டாம், அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் பார்த்து எழுத வேண்டும். எனக்கோ பிரெஞ்சில் 'மெர்சி'யைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

கைகொடுத்தது பிரெஞ்சு தேசிய நூலகத்தின் 'காலிக்கா' தளம். பழைய நாளிதழ்களும் 'லேரோஃபீல்' போன்ற விமான இதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. முழுப் பெயரைப் போட்டுத் தேடினால் அதிகம் சிக்காது. அன்றைய நிருபர்களுக்கு அவர் வெறும் 'மத்மசெல் டூட்ரியூ'தான் ('மத்மசெல்' என்றால் செல்வி). அந்த மத்மசெல்லின் சுருக்கத்தோடு (Mlle) குடும்பப் பெயரைச் (Dutrieu) சேர்த்து, கடைசியில் ஒரு எக்ஸ் (x) போட்டும் போடாமலும் தேட வேண்டும். ஆண்டை 1910, 1911 என்று குறுக்கிக்கொண்டால் நல்லது. கிடைத்ததை எழுத்துவடிவில் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். எண்களை மட்டும் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். மங்கிய அச்சில் 3-ஐ 8 என்று கணினி படித்துவிடும்.

எலென் 1877-இல் பெல்ஜியத்தின் தூர்னே நகரில் பிறந்தவர். முதலில் சைக்கிள் வீராங்கனை, அப்புறம் சைக்கிளோடு அந்தரத்தில் பாய்ந்து சாகசம் காட்டியவர். மூங்கில் சட்டத்தில் கட்டிய 'டெமுவாசெல்' என்ற குட்டி விமானத்தில்தான் பறக்கத் தொடங்கினார். 1910 நவம்பர் 25-இல் பெல்ஜியத்தின் 27-ஆம் எண் உரிமம் கிடைத்தது.

இணையக் கட்டுரைகளில் பாதி இடத்தை, அவர் கார்செட் (அந்தக் காலத்துப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிய உள்ளாடை) அணியாமல் பறந்த பரபரப்பே விழுங்கிவிடுகிறது. அவர் ஓட்டிய ஃபார்மன் விமானத்தில் விமானியைச் சுற்றி அடைப்பே கிடையாது. கீழ் இறக்கையின் முன் விளிம்பில் உட்கார்ந்து, விமானத்தைத் திருப்பும் சுக்கான் கட்டையில் காலை வைத்து, வலது கையால் அதை இயக்கும் நெம்புகோலைப் பிடிக்க வேண்டும். அங்கே இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு யாரால் உட்கார முடியும்? அதை விட்டுவிட்டு, 1911-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸில் நடந்த விமானப் போட்டியில் 14 ஆண்களைத் தோற்கடித்து அரசர் கோப்பையை வென்றதற்கு இடம் கொடுத்தேன்.

இழுத்தடித்தது, பெல்ஜிய நகரமான ப்ரூஜுக்கு அவர் விமானத்தில் பறந்த பயணம். 1910 செப்டம்பரில் அவர் எங்கிருந்து கிளம்பினார் என்பதில் ஒரு குறிப்பு ஆஸ்டெண்ட் என்கிறது, இன்னொன்று பிளாங்கன்பர்க் என்கிறது. இரண்டும் கடலோர ஊர்கள் என்பதால் 'கடற்கரையிலிருந்து' என்று எழுதி முடித்தேன்.

படம் தேடுவது சுலபம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'பெயின்' என்ற பழைய செய்திப் படத் தொகுப்பில் இருக்கிறது. வெளியிடக் கட்டுப்பாடு ஏதும் அறியப்படவில்லை என்று தளத்திலேயே குறித்திருப்பதால், அனுமதி கேட்டு யாருக்கும் எழுதவில்லை. அச்சுக்கு வேண்டுமென்றால், சுருக்கிய ஜேபெக் (JPEG) படக் கோப்பை விட்டுவிட்டு, தரம் கூடிய டிஃப் (TIFF) கோப்பையே இறக்கிக்கொள்ளுங்கள்.