மதியம் 2 மணிக்கு மேல்

ஜூன் 2

மனச்சோர்வு நோய்க்கான மாத்திரை, செர்ட்ராலின் 50 மி.கி., காலைச் சாப்பாட்டுக்குப் பின். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் கூடுகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, படபடப்பு, தூக்கக் குலைவு எல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் வந்து பலருக்குத் தானே அடங்கிவிடும். பலன் தலைகாட்ட 2 முதல் 4 வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம். தொந்தரவு முதல் நாளே வந்துவிடுகிறது, நன்மை மெதுவாகத்தான் வருகிறது. இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு அநியாயம்!

ஜூன் 4

4 மணிக்கே விழிப்பு.

ஜூன் 5

மறுபடியும் 4 மணி. இப்படி முன்கூட்டியே விழிப்பதும் காலையில் மனம் அடிமட்டத்தில் கிடப்பதும் இந்த நோயின் அடையாளங்கள். அந்த நேரத்து மனம் செலவுப் பக்கத்தை மட்டும் கூட்டிக் கணக்கு முடிக்கும்: வேலையை விட்டுவிடு, யாரிடமும் பேசாதே, இனி ஒன்றும் ஆகாது. அதே கேள்விகள் பிற்பகலில் பாதி எடைகூட இருப்பதில்லை. அதனால் மதியம் 2 மணிக்கு முன் எந்த முடிவும் கிடையாது. தோன்றுவதைத் தாளில் எழுதி, மணியைக் குறித்து, மடித்து வைத்தால் போதும்.

படுக்கையில் 20 நிமிடம் போலத் தூக்கமில்லாமல் கிடந்தால் எழுந்துவிட வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. வேறு இடம், மங்கலான விளக்கு, போன் கூடாது. கண் சொக்கினால்தான் திரும்பப் படுக்கை. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது 6.30. உடனே வெளிச்சத்தில் போய் நிற்க வேண்டும். விடுமுறை நாளிலும் இதே நேரம்தான். அங்கே தளர்த்தினால் வாரம் முழுக்கக் குலைகிறது.

ஜூன் 9

மனசு வந்தபின் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள் முடிந்துவிடும். செய்தால்தான் மனசு கொஞ்சமாவது பின்னால் வரும். அதற்குத்தான் இந்த அட்டவணை: நேரம், வேலை, முன் எண், பின் எண். செய்வதற்கு முன் எவ்வளவு பிடிக்கும் என்று 0 முதல் 10க்குள் ஒரு எண். முடித்தபின், எவ்வளவு பிடித்தது, எவ்வளவு நிறைவு என்று இரண்டு எண்கள். முன்னது 1, பின்னது 3 என்றால் அந்த 2 ஒரு சாட்சி. மனம் முன்கூட்டிச் சொன்னது தப்பு என்பதற்கு.

இது தோற்பது பெரும்பாலும் அளவால்தான். 'குளியல்' என்று எழுதினால் அதுவே மலை. துண்டை எடுத்துக் கதவில் போடுவது ஒரு வேலை. தண்ணீரைத் திறப்பது இன்னொன்று. இன்னொரு தவறு, கடமைகளாகவே நிரப்புவது. பிடித்தது ஒன்றாவது இருக்க வேண்டும், 10 நிமிடமானாலும்.

ஜூன் 10

துண்டு மட்டும்.

ஜூன் 14

மாத்திரையை ஒரு வேளை மறந்தால் அன்றைக்கே நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது. திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தாற்போல் ஒரு வெட்டு. குறைப்பது டாக்டர் சொல்படி, மெதுவாக. தெளிந்தபிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

ஜூன் 18

பிஎச்க்யூ-9 தாள், மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. இதையும் 2 மணிக்கு மேல்தான் நிரப்ப வேண்டும். ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதில் அர்த்தமில்லை, 5 இறங்கினால் மெய்யான மாற்றம்.

ஒன்பதாவது கேள்வி தனி. செத்தால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் பற்றியது. மொத்தம் 6தான் என்றாலும் இதில் 1 விழுந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும், 2 மணி விதி இதற்குக் கிடையாது. யாரைக் கூப்பிடுவது, எங்கே போய் இருப்பது என்பதை மனம் தெளிவாக உள்ள நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். மாத்திரைக் கையிருப்பு வேறொருவரிடம் இருக்கட்டும்.

ஜூன் 19

குளியல். முன் 1, பின் 4!

ஜூன் 23

தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம்.

ஜூன் 26

டாக்டரிடம் கேட்க: 4 மணி விழிப்பு குறையவில்லை, அளவைக் கூட்டலாமா? பாலுறவு நாட்டம் குறைவதையும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளில் அது சகஜம். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் கடைசியில் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி இருக்கிறது.