செப்பாங்குக்குப் போன தேங்காய்

என் எடை 94 கிலோ. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லத்தான் போகிறார். நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும்.

2019 ஜூலையில் மகளின் பட்டமளிப்புக்காக இங்கிலாந்தின் நோரிச் நகரத்துக்குக் குடும்பத்தோடு போனோம். குடும்பம் என்றால் நான், வீட்டம்மா, என் மச்சான். மச்சான் எதற்கு என்று நானும்தான் கேட்டேன். "மருமக பட்டம் வாங்குறா, தாய்மாமன் இல்லாமலா?" என்று அக்காவிடம் கண்கலங்கி டிக்கெட் போட்டுக்கொண்டான். அங்கே போய் இறங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நோரிச்சுக்குப் பக்கத்தில்தான் ஹெத்தல் இருக்கிறது. ஹெத்தலில்தான் லோட்டஸ் என்ற வேகக் காடி, அதாவது ஸ்போர்ட்ஸ் கார், செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்தே நாலு பேருக்கு முன்பதிவு செய்து வைத்திருக்கிறான், பாவி.

போகும் வழியில் ஓர் ஊர்ப் பலகை. எழுத்துக்கூட்டி "வைமொண்டாம்" என்று படித்தேன். மகள் சிரித்துவிட்டாள். "அது விண்டம்-ப்பா." பாதி எழுத்தைக் காணோம். எடையைக் குறைக்கும் பழக்கம் அந்த வட்டாரத்துக்கே உண்டு போலிருக்கிறது.

ஹெத்தல் என்றால் நான் பெரிய நகரத்தை நினைத்திருந்தேன். சுற்றிலும் வயல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காக்காரனின் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் பறந்த பழைய விமானத்தளம் அது. 1966-இல் லோட்டஸ் அங்கே குடிவந்தது. விமானம் ஓடிய தரையில் இப்போது காடியை ஓட்டிச் சோதிக்கிறார்கள்.

மச்சானின் நடை உள்ளே நுழைந்ததுமே மாறிவிட்டது. 1996-இலிருந்து 2017 வரை லோட்டஸ் நம்ம மலேசியக் காடிக் கம்பெனி ப்ரோட்டானின் கையில் இருந்தது. அப்புறம் சீனாவின் ஜீலிக்கு 51 விழுக்காடு, ஒரு மலேசிய நிறுவனத்துக்கு 49 என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த 49-இல் மச்சானுக்கு ஒரு காசு பங்கு கிடையாது. ஆனாலும், வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். ஓரிடத்தில் சுவரைத் தட்டிக்கூடப் பார்த்தான்.

சுற்றிக் காட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பேச்சு கோயில் தலபுராணம் சொல்வது போல நிதானமாக இருந்தது. கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மேன் சொன்னதாக ஒரு வாக்கு அங்கே எல்லார் வாயிலும் இருக்கிறது: முதலில் எளிமையாக்கு, அப்புறம் இலேசாக்கு. பாரத்தைக் குறைத்தால் காடி நேர் ரோட்டிலும் ஓடும், வளைவிலும் ஓடும். பிரேக்குக்கும் வேலை குறையும். இன்ஜினைப் பெரிதாக்கினால் நேர் ரோட்டுக்கு மட்டும்தான் ஆச்சு.

எலிஸ் என்ற காடியின் சேஸ்ஸியை, அதாவது எலும்புக்கூட்டை, தனியாக வைத்திருந்தார்கள். அலுமினியச் சட்டங்கள். வெல்டிங் கிடையாது, பசை போட்டு ஒட்டி அடுப்பில் வைத்து இறுக்குகிறார்களாம். வெல்டிங் சூடு அலுமினியத்தைத் தளர்த்திவிடும், அப்புறம் கனமான சட்டம் போட வேண்டிவரும். பசை என்றால் ஒட்டிய நீளம் முழுக்கப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், மெல்லிய சட்டமே போதும். எனக்கு நன்றாகப் புரிந்தது. வீட்டம்மாவுக்கும் புரிந்தது. "ஒட்டி வச்ச காடியா? நம்ம ஊரு மழைக்கு விட்டுக்காதா?" என்று கேட்டாள். மகள் அதைப் பெரியவருக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

பெரியவர் அடுத்துச் சொன்னதுதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. "இந்தச் சேஸ்ஸியின் எடை 68 கிலோ."

மச்சான் சேஸ்ஸியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி சேஸ்ஸியைப் பார்த்தான்.

"மாமா, நீங்க ஒன்னரை சேஸ்ஸி."

94-ஐ 68-ஆல் வகுத்தால் ஒன்னரை வராது, ஒன்றே காலே அரைக்கால் கணக்கெல்லாம் போட்டால் 1.38தான் வருகிறது என்று அங்கேயே ஃபோனை எடுத்துக் கணக்குக் காட்டினேன். யாரும் கேட்கவில்லை. பேர் நிலைத்துவிட்டது.

பழிவாங்கும் வாய்ப்பு இன்ஜின் பகுதியில் கிடைத்தது. எலிஸுக்கு டொயோட்டா இன்ஜின். அதைவிடப் பெரிய மாடல்களுக்கு டொயோட்டாவின் 3.5 லிட்டர் வி6. "அடேய், நம்ம ஊர்ல டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனுஷங்க திருவிழாவுக்கு வந்து இறங்குற அல்ஃபார்ட் வேன்ல இருக்குமே, அந்தக் குடும்பத்து இன்ஜின்டா இது" என்றேன். மச்சானின் முகம் சுருங்கிப்போனது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே விமான டிக்கெட் காசு தகும்.

வெளியே வரும்போது, உட்கார்ந்து பார்க்க ஓர் எலிஸை நிறுத்தியிருந்தார்கள். அதன் பக்கச் சட்டம் அகலமானது, நம் வீட்டுத் திண்ணை மாதிரி. அதைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். ஏறுவதற்கு ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் பெரியவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று மகள். பிரசவ வார்டு தோற்றது போங்கள். இந்தக் காடிக்கு அப்போதைய முதலாளி தன் பேத்தி எலிஸாவை நினைத்துப் பேர் வைத்தாராம். குழந்தைப் பேர் வைத்த காடியில் ஐம்பத்திரண்டு வயது ஆள் ஏறியது என் தப்புதான்.

கோலாலம்பூர் திரும்பினோம். மச்சானுக்கு மட்டும் ஜுரம் இறங்கவில்லை. தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டால்கூட "சீனி கொறச்சல், இலேசா" என்பான். தீபாவளி முடிந்த மறுவாரம் வந்து நின்றான். "மாமா, செப்பாங் பந்தய மைதானத்துல டிராக் டே, நம்ம காடியையே அங்க ஓட்டிப் பாக்கலாம். ரெண்டு பேருக்கும் பணம் கட்டிட்டேன்." ஓட்டப்போவது எந்தக் காடி? என் சின்னக் காடி மைவி. 2012 மாடல், ஆட்டோ கியர். அவன் காடி ஒர்க்ஷாப்பில் கிடக்கிறதாம். இரண்டு பேருக்கும் சேர்த்து அதே மைவிதான், மாறி மாறி.

மைவியை இலேசாக்கும் வேலை முந்தின நாள் சனிக்கிழமை நடந்தது. பூட்டை, அதாவது காடியின் பின்பக்கச் சாமான் பெட்டியை, திறந்தோம். எங்கள் வீட்டு பூட் என்பது ஒரு சிறிய மளிகைக்கடை. பத்து கிலோ அரிசி மூட்டை. முறுக்கு டின் மூன்று, அதில் ஒன்று போன வருடத்தது. பத்துமலைக்குப் போகும்போது விரிக்கும் பாய். கொடுக்க மறந்துபோன கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டு. அந்தக் கல்யாணத்துப் பெண்ணுக்கு இப்போது குழந்தையே நடக்கிறது. குடை ஐந்து. ஒரு ஒற்றைச் செருப்பு. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை, ஆனால் வீட்டம்மா அதை எறிய விடவில்லை, அதன் ஜோடி எங்காவது கிடைக்குமாம். எல்லாவற்றையும் குளியலறைத் தராசில் வைத்து எடை போட்டான் மச்சான். உபரி டயரையும் சேர்த்து 61 கிலோ.

"ஏறக்குறைய ஒரு சேஸ்ஸி!" என்று கத்தினான்.

அடுத்து டேஷ்போர்டுப் பிள்ளையார் மேல் கை வைத்தான். வாசலிலிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது. "அவரு கால் கிலோ இருக்க மாட்டாரு. எடை கொறைக்கணும்னா ஓட்டுறவரு வயித்தக் கழட்டி வச்சிட்டுப் போங்க." பிள்ளையார் இருந்த இடத்திலேயே இருந்தார். அவருக்கும் தொப்பை உண்டு என்பதால் எனக்கு ஓர் ஆறுதல்.

ஞாயிறு விடிகாலை கேட்டருகே நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையில் தேங்காய். "அங்க போனதும் மொத வேலையா காடிக்கு முன்னால ஒடைச்சிடுங்க." சரி என்று வாங்கி இடப்பக்க சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

செப்பாங் ஓட்டப்பந்தய மைதானத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததற்கும் நேரில் நிற்பதற்கும் வித்தியாசம் நிறைய. 1999-இல் திறந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. 2017 வரை எஃப்1 கார்ப் பந்தயம் நடந்த அதே தார். பிட் லேனில், அதாவது காடிகள் வந்து நிற்கும் ஓரப் பாதையில், ஒரு ஜிடிஆர், வரிசையாக சிவிக், வயிற்றில் உறுமும் பழைய சத்ரியாக்கள், அவற்றின் நடுவே எங்கள் மைவி, கதவில் டேப் ஒட்டி எழுதிய எண்ணோடு. முழுக்கை சட்டை கட்டாயம் என்றதால் நான் ஆபீஸ் சட்டையில் வந்திருந்தேன். பேனாகூடப் பையில் இருந்தது. ஒரு பையன் என்னிடம் வந்து கட்டணம் எங்கே செலுத்துவது என்று கேட்டான்.

விளக்கக் கூட்டத்தில் கொடிகளைப் பற்றிச் சொன்னார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, வேகம் குறை. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, பிட்டுக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழிவிடு. "காடிக்குள்ள ஒரு சாமானும் தளர்வா இருக்கக் கூடாது" என்றும் சொன்னார்கள். எல்லாரோடும் சேர்ந்து தலையாட்டினேன். அத்தனை இளவட்டத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கக் கூச்சமாக இருந்தது, அதுதான் உண்மை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டம் நான் தனியாக. இருபத்தைந்து வருடம் ஃபெடரல் ஹைவேயில் ஓட்டியவன், எனக்கென்ன பயம்? நாலு சுற்று. நீலக்கொடி காட்டியவருக்குக் கை வலித்திருக்கும். நேரம் பார்த்தால் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 50 விநாடி. 2017 எஃப்1 பந்தயத்தில் செபாஸ்டியன் வெட்டல் 1 நிமிடம் 34 விநாடியில் ஒரு சுற்று முடித்திருக்கிறார். அதாவது நான் ஒன்று முடிப்பதற்குள் அவர் இரண்டு முடித்து, இறங்கி, தண்ணீர் குடித்திருப்பார். இன்னொரு கணக்கும் இருக்கிறது, அது அப்புறம்தான் எனக்கு உறைத்தது: அந்த நாலு சுற்றிலும் சீட்டுக்கு அடியில் இருந்த தேங்காய் இம்மியும் அசையவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிள்ளானைச் சேர்ந்த தம்பி, முப்பது வயதிருக்கும். "அண்ணே, நீங்க ஸ்கூலுக்குப் பிள்ளைய ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுறீங்க. நேர் ரோட்ல முழுசா மிதிங்க. நான் சொல்றப்ப பிரேக்க ஓங்கி மிதிங்க. வளைவுக்குள்ள போயிட்டு மிதிக்கக் கூடாது, காடி நேரா இருக்கறப்பவே மிதிக்கணும்."

மிதித்தேன். நீண்ட நேர் ரோட்டின் முடிவில், வலப்பக்கம் சுருண்டுகொண்டே போகும் முதல் வளைவுக்கு முன்னால், "இப்ப!" என்றார். ஓங்கி மிதித்தேன்.

பிளாஸ்டிக் சரசரத்தது. ஒரு உருண்டை விர்ரென்று வந்து தம்பியின் கணுக்காலில் மோதியது.

ஹெல்மெட்டுக்குள் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. குனிந்து பார்த்தார். குடுமியோடு இருந்த தேங்காயைப் பார்த்தார். அதற்குள் இரண்டாவது வளைவு இடப்பக்கம் திரும்ப, தேங்காய் வலப்பக்கம் ஓடி என் பக்கத்துக் கன்சோலில் முட்டியது. அதை இரண்டு காலாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, இது பெடலுக்கு அடியில வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார். நியாயம்தான், எனக்குத் தொண்டை வறண்டது. ஆனால் அடுத்து அவர் கேட்டது வேறு குரலில் வந்தது.

"இத ஒடைக்காமலா நாலு சுத்து போனீங்க?"

ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு வேர்த்துவிட்டது. "மெதுவா பிட்டுக்கு விடுங்க" என்றார். போகிற வழியிலும் பாடத்தை விடவில்லை, அது அவர் தொழில் பக்தி. "பாத்தீங்களாண்ணே, பிரேக் மிதிச்சா இது முன்னால வந்துச்சு. காடியோட பாரமும் அப்படித்தான் முன்னால போகும், முன் டயர் தரையை நல்லா பிடிக்கும், பின் டயர் இலேசாயிடும். அந்த நேரத்துல வெடுக்குனு திருப்பினா பின்பக்கம் சுத்திடும்." ஹெத்தல் பெரியவர் ஒரு மணி நேரம் சொன்னதைவிட அந்தத் தேங்காய் எனக்கு நன்றாக விளக்கிவிட்டது.

பிட் கட்டடத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் தம்பியே முன்னால் நிற்க, நான் உடைத்தேன். ஒரே அடியில் சரிபாதி. ஜிடிஆர் சொந்தக்காரச் சீனப் பையன் எட்டிப் பார்த்தான். "அங்கிள், இன்னொன்னு இருக்கா?" என்று மலாயில் கேட்டான். இல்லையே என்றதும் அவன் முகத்தில் உண்மையான கவலை.

மூன்றாவது ஓட்டத்தில் 3 நிமிடம் 28 விநாடி. 22 விநாடி மிச்சம்! பிரேக் பிடிக்கும் இடம் பழகியதால் என்றார் தம்பி. முக்கால் கிலோ தேங்காய் இறங்கியதால் என்றான் மச்சான். என்னைக் கேட்டால் பயம் இறங்கியதால். கடைசிச் சுற்றில் மட்டும் பிரேக் மிதி இலவம்பஞ்சு மாதிரி அமுங்கியது. பிரேக் எண்ணெய் சூடேறிக் கொதித்தால் அப்படித்தானாம். ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வந்தேன், வந்ததும் பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். "சூட்டுல ஒட்டிக்கும்ணே!" என்று தம்பி ஜன்னல் வழியாகப் பாய்ந்து இறக்கிவிட்டார்.

மச்சான் தன் முறையில் எத்தனை விநாடியில் ஓடினான் என்பதைச் சொல்லப்போவதில்லை. என்னைவிட வேகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வீட்டம்மா தேங்காய் மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"காலையிலயே ஒடைச்சீங்களா?"

"அங்க போயி ஒடைச்சோம்."

"போனதுமா?"

மச்சானைப் பார்த்தேன். அவன் ஃபோனைப் பார்த்தான். அவள் மூடியை மூக்கருகே கொண்டுபோனாள். "இதுல ஏன் டயர் வாசம் வருது?" நான் அரிசி மூட்டையைப் பூட்டில் ஏற்றப் போய்விட்டேன். ஒற்றைச் செருப்பையும் மறக்காமல் வைத்தேன்.

மறுநாள் காலை அந்தத் தேங்காயில்தான் சட்னி. மச்சான் வந்து ஐந்து தோசை தின்றான். என் தட்டில் இரண்டு விழுந்ததும் கரண்டியைக் கழுவப் போட்டுவிட்டாள்.

"என்ன, ரெண்டோட முடிஞ்சிருச்சா?"

"ஒன்னரை சேஸ்ஸிக்கு ரெண்டு போதும்."