ஆய்வேட்டுக்கு பிளேஜரிசம் சோதனை: 31 விழுக்காடு 8 ஆன கதை

முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் பல்கலைக்கழக நூலகத்தில் பிளேஜரிசம் (பிறர் எழுத்தைச் சொல்லாமல் எடுத்தல்) சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்கெனவே வந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் விழுக்காட்டில் சொல்லும். குறுந்தொகைக் குறிஞ்சிப் பாடல்களின் உரைகளை ஒப்பிட்டு நான் எழுதிய ஆய்வேட்டுக்கு 31 விழுக்காடு வந்தது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறைப்படி 10 வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாமல் அவர்கள் தரும் கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே வாங்க மாட்டார்கள். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துறையில் யாரும் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்ட தொனியிலேயே எல்லாம் இருந்தது.

யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு சீனியர் அக்கா பாமினி எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னார். பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ். கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகள். மென்பொருளுக்கு ஒன்றும் புரியாது, விழுக்காடு பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். (எங்கள் நூலகத்தில் யூனிகோடு மட்டுமே வாங்குகிறார்கள்.) பல்கலைக்கழக வாசல் ஜெராக்ஸ் கடையில் 'பர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்' என்று நோட்டீஸே ஒட்டியிருந்தது. அவர்கள் குறைத்த ஒரு பக்கத்தைப் பார்த்தேன். தலைவி கதாநாயகி ஆகியிருந்தாள், தோழி சிநேகிதி. உள்ளுறை உவமம் (இயற்கைக் காட்சிக்குள் ஒளித்துச் சொல்லும் உவமை) என்ன ஆனது என்று சொல்லவே கூசுகிறது.

நெறியாளர் அம்மா அறிக்கையை வாங்கிப் புரட்டினார். "விழுக்காட்டை விடும்மா. எந்த வரியை எங்கேயிருந்து எடுத்ததா சொல்லுது, அதைப் படி" என்றார். கிடைத்த யோசனைகளில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே விஷயம் இருந்தது. மேற்கோள்கள் நீக்கப்படவில்லை, நூற்பட்டியல் நீக்கப்படவில்லை என்று போட்டிருந்தது. உரிய சான்றோடு தரும் மேற்கோள், நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை எதுவும் கணக்கில் வரக்கூடாது என்பது யுஜிசி விதி. பொதுவான தொடர்கள் தற்செயலாக ஒத்துப்போனால் தொடர்ந்து 14 சொற்கள் வரை விட்டுவிடலாம். நூலகத்தில் இதில் எதையும் டிக் செய்யாமலே ஓட்டியிருக்கிறார்கள். கேட்டதும் முகம் சுளிக்காமல் மறுபடி ஓட்டிக் கொடுத்தார்கள், அது வரை சரி. நூற்பட்டியல் போயிற்று. பாடல்கள் போகவில்லை.

ஏனென்றால் நாம் பாடலுக்கு மேற்கோள் குறி போடுவதில்லை. தள்ளி அச்சிட்டு, கீழே அடைப்புக்குள் நூலும் பாடல் எண்ணும் தருவோம். எங்கள் நூலக மென்பொருள் தேடியது அந்தக் குறியைத்தான். 14 சொல் சலுகையும் சங்கப் பாட்டுக்கு உதவாது. திருக்குறள் 7 சீர், தப்பிவிடும். குறுந்தொகையின் மிகச் சிறிய பாடலே நான்கடி. ஈற்றயலடியில் (கடைசிக்கு முந்தைய அடி) மூன்று சீர், மற்றவற்றில் நான்கு என்று எண்ணினால் 15. ஒரே ஒரு சீரில் மாட்டுகிறது! அகநானூற்றில் ஆய்வு செய்கிறவர்கள் பாவம், அங்கே 13 அடியில்தான் ஆரம்பமே. ஒவ்வொரு பாடலுக்கும் குறி போட்டேன். அலுப்பான வேலை, வேறு வழியில்லை.

அப்புறம், ஒத்துப்போகிறது என்று அறிக்கை சிவப்பில் காட்டிய ஒரு பகுதி. 1937இல் வந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பின் உரையை, பெயர் சொல்லி, பக்க எண்ணோடுதான் எடுத்திருந்தேன். ஆனால் அறிக்கை காட்டிய மூலம், சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) இருக்கும் வேறொரு ஆய்வேடு. திறந்து பார்த்தால் உ.வே.சா.வின் அதே உரை, அவர் பெயரே இல்லாமல், ஆய்வாளரின் சொந்த விளக்கம் போல ஓடுகிறது. அவருக்குப் பட்டமும் கொடுத்தாயிற்று. அச்சு நூல் ஒப்பிடும் தரவில் இல்லையென்றால் மென்பொருளுக்குக் கண் தெரியாது. ஸ்கேன் படங்களாக ஏறியிருக்கும் பழைய தட்டச்சு ஆய்வேடுகளும் அப்படித்தான். அதிலிருந்து ஓர் இயல் முழுக்க உருவினாலும் பச்சையாகவே காட்டும். சொல்லாமல் எடுத்தவர் சுத்தம், சொல்லி எடுத்த நான் சிவப்பு. கோபம் வந்தது. அம்மாவிடம் காட்டினேன். என் பக்கம், அந்த ஆய்வேட்டின் பக்கம் இரண்டையும் மூல நூலின் பக்க நகலையும் சேர்த்து நூலகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் கொடுக்கச் சொன்னார்.

மீதி இருந்தது ஆய்விதழில் நானே வெளியிட்ட கட்டுரை. அது என்னுடையதுதான் என்று நெறியாளர் சான்று எழுதித் தந்தார், ஏற்றுக்கொண்டார்கள். கடைசியாக ஓட்டியதில் 8 வந்தது.

சோதனைக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: முதல் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஐயா, "முதலில் 31 என்று கேள்விப்பட்டேனே?" என்றார். இரண்டு அறிக்கைகளையும் எடுத்து வைத்து, எந்த வரி எதனால் விலகியது என்று காட்டினேன். இரண்டு மூன்று பக்கம் பார்த்தவர் மூடி வைத்துவிட்டு, இறைச்சிக்கும் (அதுவும் பாட்டில் குறிப்பாகப் பொருள் உணர்த்தும் உத்திதான்) உள்ளுறைக்கும் நான் சொன்ன வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார். அதில்தான் நன்றாகத் திணறினேன்.